கடன்காரனுக்குப் பாதிக் கருப்பு

பதினான்காயிரத்து இருநூற்று எழுபத்தைந்து ரூபாய். அவள் புருஷன் அவள் தம்பிக்குத் தரவேண்டிய பாக்கி அது. அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே என்று முதலில் வாயை மூடிக்கொண்டிருந்த தம்பி, இப்போது தெருமுனையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டான். புருஷனுக்கோ தெருவில் 'நாளைக்கு' என்றே பட்டப்பேர். யார் காசு கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான்.

சட்டைகளில் அச்சடிப்பது அவர்கள் பிழைப்பு. தம்பி தன் கடையில், கண்ணாடி மாதிரித் தெளிவான பிலிமில் எழுத்தைக் கருப்பாக அடித்துக் கொடுப்பான். அவள் வலைச்சட்டத்தில் பச்சை மருந்தைப் பூசிக் காயவைத்து, பிலிமை அதோடு ஒட்டி விளக்குப் பெட்டிமேல் வைப்பாள். வெளிச்சம் பட்ட மருந்து இறுகிவிடும். கருப்பு மறைத்த இடம் மட்டும் இளகலாக இருந்து, தண்ணீர் பீய்ச்சியதும் கரைந்து எழுத்தாகத் திறக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் சாயம் சட்டையில் இறங்கும். கருப்பு வெளிச்சத்தைக் கசியவிட்டால் அன்றைய பாடெல்லாம் வீண்.

மூன்று வாரமாக வீண்தான். விளக்கு நேரத்தைக் குறைத்தால் மருந்து மொத்தமும் தோலாக உரிந்து வந்தது. கூட்டினால் எழுத்து அடைத்துக்கொண்டது. பிலிமில் கருப்பு போதவில்லை என்றான் புருஷன். அவர் விளக்கு பழசு என்றான் தம்பி. இவன் வசவை அங்கேயும் அவன் வசவை இங்கேயும் சுமந்தது அவள். கடைசியில் வட்டிக்கு வாங்கி விளக்குக் குழல்களைக் கூட மாற்றிப் பார்த்தார்கள். எழுத்து அசையவில்லை.

இன்றைக்கு அடிக்கவேண்டியது காவலாளிகள் கம்பெனியின் இருநூறு சட்டை. விடிந்தால் போயாகவேண்டும். போகாவிட்டால் வேலை எதிர்வரிசைக் கடைக்கு என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார். அது போனால் பட்டறை வாடகைக்கு வழியில்லை.

அவள் தொட்டியடியில் நின்று சட்டத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான்.

"எங்க அந்த மனுசன்?"

"உள்ளதான் இருக்காரு. போய்க் கேளு."

"கேட்டா? பட்டப்பேரைச் சொல்லுவாரு."

உள்ளேயிருந்து புருஷன் குரல் வந்தது. "உன் பிலிமை வச்சு ஈ கூட ஓட்ட முடியலடா மாப்ளே. ஒழுங்கா கருப்பு அடிச்சுட்டு அப்புறம் காசு கேளு."

"கருப்பு இல்லியா? வெயில்ல தூக்கிப் பாருங்க மாமா. உங்க மனசு மாதிரியே இருக்கும்."

அதில் பொய்யில்லை. அவளே எத்தனையோ தடவை ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு அட்டைக்கரிதான். அதுதான் அவளை அரித்தது.

ஆத்திரத்தில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டாள். கையகல எழுத்துகள் கல் மாதிரி அப்படியே இருந்தன. ஆனால் நாலு மூலையிலும், பிலிமை நேராக வைப்பதற்காக இருக்கும் கூட்டல் குறிகள் முதல் பீய்ச்சலிலேயே திறந்துகொண்டன. மயிரிழைக் கோடுகள். அவற்றின் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

தண்ணீரை நிறுத்தினாள்.

"டேய், இங்க வா. இந்தக் குறியை யாரு அடிச்சது?"

"அது மிஷினே போட்டுக்கும்."

"அதே பிலிம், அதே விளக்கு, அதே மருந்து. மிஷின் போட்டது திறக்குது. நீ போட்டது மட்டும் ஏன்டா திறக்கல?"

புருஷன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"எத்தனை மையில அடிச்ச?"

"ஒண்ணுலதான்!" தம்பி வெடித்தான். "கருப்பு மை மட்டும். குறிக்கு மிஷின் கருப்போட மூணு கலரையும் சேர்த்து நாலு மையும் விடும். நாலும் சேர்ந்தாத்தான் அந்த விளக்கு வெளிச்சம் நிக்கும். கருப்பு மட்டும்னாலும் கண்ணுக்கு அட்டைக்கரியாத்தான் தெரியும். கலர் மை என்ன விலை தெரியுமா? நாலு மாசமா காசே காட்டாதவருக்கு அதையும் ஊத்தணுமா? கடன்காரனுக்குப் பாதிக் கருப்பு போதும்னு விட்டேன்."

"கழுவுனது உன் மாமனா?" என்றாள் அவள். "மூணு வாரமா நான் கழுவுனேன்டா. கையைப் பாரு."

அவன் பார்க்கவில்லை. புருஷன் சட்டத்தை ஓங்கினான். அவள் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க உள்ள போங்க. காசைக் கண்ணுல காட்டியிருந்தா இது நடந்திருக்காது. நீ நட. நாலு மையிலயும் அடி. நான் கூடவே வந்து நிக்கிறேன்."

நின்றாள். மிஷின் துப்பிய பிலிமில் எழுத்து பழுப்படித்து, பழையதைவிட மட்டமாகத் தெரிந்தது.

"பாக்க அசிங்கமா இருக்கே."

"விளக்குக்கு அழகு எதுக்கு?" என்று சிடுசிடுத்தான் தம்பி.

நம்பாமல் அவனையும் பட்டறைக்கு இழுத்துவந்தாள். மருந்து பூசி வைத்திருந்த இன்னொரு சட்டத்தை விளக்கில் காட்டித் தண்ணீர் அடித்தாள். பச்சை கரைந்து ஓட, எழுத்து முழுசாகத் திறந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இப்ப பாக்கியைப் பேசலாம்" என்றாள். "மூணு வாரத்து மருந்து, விளக்குக் குழல், அதுக்கு வட்டி, வீணாப்போன சட்டை. கழிச்சுக்க."

"கழிச்சா என்ன மிஞ்சும்?"

"ஒண்ணும் மிஞ்சாது."

"முடியாதுன்னா?"

"எதிர்வரிசைக் கடைக்கும் நீதான பிலிம் அடிக்கிற? அவங்களும் பாக்கி வச்சிருக்காங்கன்னு நீதான் சொன்ன. மூலையில இருக்கிற குறியைக் கொஞ்சம் பாருங்கன்னு சொல்லிட்டு வரேன்."

தம்பி போனை எடுத்து, மாமன் பேரில் இருந்த கணக்கை அவள் கண்முன்னால் அழித்தான்.

"இனி காசைக் கையில வச்சுக்கிட்டுத்தான் என் கடைப் படி ஏறணும். அக்கான்னு சொல்லிக்கிட்டு வராத."

"உன் படி யாருக்குடா வேணும்? பிலிம்தான் வேணும்" என்றாள். அவன் போவதைப் பார்க்காமல், சட்டத்தைக் காற்றாடிக்கு எதிரே சாய்த்துவைத்தாள்.