நடு ஜன்னல்

தேக்ரே குடும்பத்தின் கல் வீட்டு முகப்பில், மாடியில் ஐந்து ஜன்னல்கள். நடுவில் இருப்பது மட்டும் கல் வைத்து அடைத்தது. ஜன்னலுக்கெல்லாம் வரி போட்ட ராஜாவால் வந்த வினை, வரிக்குப் பயந்து அடைத்தது என்று இங்கிலாந்தின் யார்க்‌ஷர் முழுக்கச் சொல்வதையே இங்கேயும் சொல்லி, தலைமுறை தலைமுறையாக அந்த ராஜாவைத் திட்டினார்கள்.

படுக்கையறைக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஈனிட் ஒற்றைக்காலில் நின்றாள். கணவன் வில்ஃப் ஏணி போட்டு ஒரு கல்லை நெம்பினான். அவன் மூஞ்சி முழுக்கக் கரி கொட்டியது.

"அடியே, உள்ள புகைக்கூண்டு போகுதுடி!"

"அப்போ இங்க ஜன்னலே இருந்ததில்லையா?"

ஈனிட் வேலிவரை பின்னால் போய் நின்று பார்த்தாள். மற்ற நாலு ஜன்னலுக்கும் இருக்கிற அதே கீழ்க்கல், மேலே அதே உத்தரக்கல், நடுவில் அதே கல் தூண். அந்த ஜன்னல் இல்லாவிட்டால் வீடு மூக்கில்லாத முகமாகியிருக்கும். திறக்கவே முடியாத ஜன்னலுக்கு இத்தனை செதுக்கலா!

"உங்க முப்பாட்டன் பலே ஆளுங்க! அழகுக்காகவே வச்சிருக்காரு."

"அப்போ நாங்க ராஜாவத் திட்டினதெல்லாம்?"

"வெட்டி வேலை. கல்லை வச்சு மூடுங்க."

மறுநாள் ஆடுகளை ஓட்டிவந்த பக்கத்துப் பண்ணை டன்ஸ்டன் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார்.

"பாழாப்போன ராஜா! நல்ல ஜன்னலை அடைக்க வச்சுட்டானே!"

வில்ஃப் வாயைத் திறந்தான். ஈனிட் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஆமாங்க," என்றாள். "நாசமாப் போனவன்."