கடிக்கிற பிடி

ஆரின் டக்கெட்டுக்கு உள்ளங்கை வியர்க்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மார்ச் மாதக் குளிரில் மற்றவர்கள் விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது, அவனுக்கு மட்டும் குழாயைத் திறந்துவிட்டதுபோல் ஊற்றும். துப்பாக்கி சுடும் சங்கத்தின் சனிக்கிழமைப் போட்டியில் ஒவ்வொரு குண்டுக்கும் கைத்துப்பாக்கி மீன்போல நழுவியது.

"என்னப்பா, சோப்புல செஞ்ச துப்பாக்கியா?" என்று நடுவர் டெல்பர்ட் கேட்டதும் மைதானமே சிரித்தது.

மறுநாள் ஆரின் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டினான். துப்பாக்கியைக் கழற்றி, பிளாஸ்டிக் பிடியை மட்டும் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டான். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடான நுனியால் பிடியில் ஒரு புள்ளி வைத்தான். புஸ்ஸென்று புகை வந்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாடுகளுக்கு வைக்கோல் கட்டு இறக்கிவிட்டு வந்த அவன் மனைவி ட்வைலா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யோவ், அடுப்புல எதத் தீய விட்ட?"

"சமையல் இல்ல. பிடிக்குச் சொரசொரப்பு வைக்கிறேன்."

"ஜன்னலையாவது திறந்து தொலையேன்!" அவளே திறந்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "ம், நல்லாத்தான் இருக்கு. இதோட நிறுத்திக்க."

"இன்னும் ஒரே ஒரு வரிசை."

அங்கேதான் வினை வந்தது. கை ருசி கண்டுவிட்டது. புள்ளிக்குள் புள்ளி வைத்தான், அதற்குள்ளும் வைத்தான். ஆறியபின் தடவிப் பார்த்தால் பலாக்காய்த் தோல் தோற்றது.

அடுத்த போட்டியில் முதல் குண்டு இலக்கான இரும்புத் தட்டின் நடுவில் பட்டது. இரண்டாவதும் அப்படியே. துப்பாக்கி இம்மியும் நழுவவில்லை, தோல்தான் உரிந்தது. ஒவ்வொரு உதைப்புக்கும் ஆரின் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நிறுத்து, நிறுத்து! கையில என்னய்யா ரத்தம்?" என்றான் டெல்பர்ட்.

"ஒண்ணுமில்ல. பிடி நல்லாப் பிடிக்குது."

"பிடிக்கலய்யா, கடிக்குது!"

கூட வந்திருந்த ட்வைலா வண்டியிலிருந்து கட்டுத்துணி கொண்டுவந்து சுற்றினாள். அந்தக் கையால் இனி கரண்டிகூடப் பிடிக்க முடியாது. "இவன் பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க" என்றாள் டெல்பர்ட்டிடம். ஆரின் வாயைத் திறப்பதற்குள் அவன் துப்பாக்கியோடு சுடும் கோட்டில் போய் நின்றுவிட்டாள்.

வைக்கோல் கட்டுகளை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை அது. அந்த முட்களெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை. இரும்புத் தட்டுகள் ஒன்றுவிடாமல் டங் டங்கென்று சாய்ந்தன. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

திரும்பும் வழியில் வண்டியை அவள்தான் ஓட்டினாள். ஆரின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சிடணும்" என்றான்.

"உப்புத்தாளோட என் துப்பாக்கிகிட்ட வந்து பாரு."

"உன் துப்பாக்கியா? எப்போலேருந்து?"

"மத்தியானத்துலேருந்து" என்றாள் ட்வைலா.