கையைக் கட்டு, வாயைப் பொத்து

உத்திரமேரூருக்கு நாலு மைல் தள்ளி, ஏரிக்கரைத் தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியர் வேதாசலத்துக்கு ஓய்வு பெறுவதற்குள் நல்லாசிரியர் விருது வாங்கிவிட வேண்டும். அதற்குப் பள்ளி இன்ஸ்பெக்டர் சிபாரிசு எழுத வேண்டும். முப்பது வருடமாக வேதாசலம் நடத்திய பாடங்களில் பிள்ளைகள் மறக்காதது ஒன்றுதான்: கையைக் கட்டு, வாயைப் பொத்து.

அன்று இன்ஸ்பெக்டர் வருகிறார். "நான் வந்து சொல்ற வரிக்கும் எவனாவது அசைஞ்சான், தோல உரிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு, மாலையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனார் வேதாசலம். இன்ஸ்பெக்டரோ யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏரிக்கரை வழியாக வந்து இறங்கிவிட்டார்.

வாடிய மாலையோடு திரும்பினார் வேதாசலம். வாசலில் இன்ஸ்பெக்டர். உள்ளே மேசை மீது முன்னங்கால்களை ஊன்றி, பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் சிட்டம்மாளின் ஆடு வருகைப் பதிவேட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதிலிருந்த பாதிப் பெயர்கள் பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகளுடையவை. ஆடு பேதம் பார்க்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் வாயில் விரலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விருது போச்சு என்று நினைத்தார் வேதாசலம்.

"உஷ்" என்றார் இன்ஸ்பெக்டர் பரவசமாக. "பத்து நிமிஷமா பாக்கறேன். ஒண்ணுகூட அசையல. என் சர்வீஸ்லயே பாத்ததில்ல சார்."

ஆட்டைத் தேடி வந்த சிட்டம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா பசங்களா, ஆடு நோட்டத் துன்னுகினு கீது, குந்திகினு பாக்கறீங்க. வாயத் தொறந்து ஒரு 'ச்சூ' சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"இரும்மா. இதுக்குப் பேர்தான் ஒழுக்கம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க ஆடே தேவல ஐயா. பசிச்சா கத்துது" என்று ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

மிஞ்சிய கடைசிப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார் இன்ஸ்பெக்டர். பிள்ளைகளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருவரும் ஊராட்சித் தலைவர் முத்துகிருஷ்ணன் வீட்டு விருந்துக்குப் போனார்கள்.

பாயசம் வந்தபோதுதான் வேதாசலத்துக்கு உறைத்தது: பிள்ளைகளைக் கையை எடுக்கச் சொல்லவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ஜன்னலோரம் வந்தவர் அப்படியே நின்றார். மகளைத் தேடி வந்த சிட்டம்மாள் உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தாள். "எய்ந்து வூட்டுக்கு வாங்கடா." யாரும் அசையவில்லை. அவள் சலித்துப்போய் மேசையிலிருந்த பிரம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"கைய எடு."

நாற்பது பிள்ளைகளும் ஒரே வீச்சில் எழுந்து, ஒரே குரலில் சொன்னார்கள்:

"நன்றி ஐயா!"