தொடைத் தாளம்

பிசியோதெரபி மாணவிகளுக்கு வாய்மொழித் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளே போன நான்கு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

அடுத்துப் போக வேண்டியவளுக்கு வகுப்பில் பெயர் கத்தரி. ‘ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு’ என்று கழுத்தில் ஒரு தசை உண்டு. அதை அவள் ஸ்டெர், னோ, க்ளை, டோ, மாஸ், டாய்டு என்று நறுக்கி, துண்டுக்கு ஒரு தட்டாகத் தொடையில் விரலால் தட்டித்தான் சொல்வாள். தட்டாவிட்டால் நீளமான சொற்கள் தொண்டையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தட்டுவதற்கு இதுதான் காரணம் என்று வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வகுப்போ அதுதான் முறையான உச்சரிப்பு என்று முடிவு கட்டியது. முதல் மதிப்பெண் வாங்குகிறவள் தப்பாகவா சொல்வாள்? தட்டு உட்பட அப்படியே காப்பியடித்தார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையாருக்கு, நான்கு பேர் வரிசையாக வந்து தொடையில் தாளம் போட்டதும் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கேலி செய்கிறார்கள் என்று நால்வருக்கும் பூஜ்யம் போடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

“உன்னை மாதிரியேதாண்டி சொன்னேன். ஒரு தட்டுகூட விடலை,” என்றாள் நால்வரில் ஒருத்தியான நெட்டை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கத்தரி உள்ளே போனாள். கொக்கியில் தொங்கிய எலும்புக்கூட்டின் கழுத்தைப் பென்சிலால் தொட்டு, இங்கே இருக்கும் தசை என்ன என்று அம்மையார் கேட்டார். அவள் வலக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“ஸ்டெ... ஸ்டெ... ஸ்டெ...”

“இது புது தினுசா? யாரும்மா இதையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சது?”

கதவிடுக்கில் நான்கு ஜோடிக் கால்கள் தெரிந்தன. யாரோ முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தப்பித்துக்கொள்ளலாம். தனக்கு எப்படியோ மதிப்பெண் கிடைத்துவிடும். நெட்டைக்குக் கிடைக்காது.

“நான்தான், மேடம். அவங்க என்னைப் பாத்துச் சொன்னாங்க.”

“நீ ஏன் அப்படிச் சொல்ற?”

ஒளித்து வைத்த கை முன்னால் வந்தது. விரல் தொடையைத் தட்டியது.

“எ, னக், குத், திக், கு, வாய், மேடம்.”