யாரும் படிக்க மாட்டார்கள்

எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் 'மனசு வகுப்பு' என்று அந்த ஆண்டுதான் தொடங்கினார்கள். நடத்தியவர் பள்ளியின் ஆலோசகர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மனசு மிஸ். முதல் நாளே ஆளுக்கொரு நீல நோட்டைக் கொடுத்து, "மனசுல என்ன இருக்கோ எழுதுங்க. யாரும் படிக்க மாட்டாங்க, நானும் படிக்க மாட்டேன்" என்றார். நோட்டுகள் வகுப்பின் பின்பக்க அலமாரியில் இருந்தன. அலமாரிக்குப் பூட்டு இல்லை.

மற்றவர்கள் இரண்டு வரியில் கழன்றுகொள்ள, ஒருத்தி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினாள். உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் பென்சில் என்று பெயர் வாங்கியவள். ஆறாவது வாரம், மதிய இடைவேளையில், அவளுடைய நோட்டு உணவுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. எடுத்து வந்தவள் ரேடியோ. வாய் ஓயாதவள், யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாள். பெஞ்சின் மேல் ஏறி நின்று, பென்சிலின் மெல்லிய குரலிலேயே படித்தாள்:

"அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது அம்மா தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வந்தால்தான் பள்ளிக்குக் கிளம்புவேன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து, பக்கத்தில் இருப்பவர் மூக்கடியில் விரலை நீட்டி "இருக்கியா, போயிட்டியா?" என்று கேட்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. பென்சில் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள் காலை மனசு மிஸ்ஸின் அறையில் நான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். பென்சிலின் அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கண் சொருகியது. நோட்டு விஷயமாக ஏதோ தகராறு என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "நான் செஞ்சது உன் மனசைப் புண்படுத்தியிருக்கும்னு எனக்குப் புரியுது. அதுக்கு நான் பொறுப்பேத்துக்கிறேன். என்னை மன்னிச்சிடு."

பென்சில் சுவரில் ஒட்டியிருந்த 'மன்னிப்புக் கேட்பது எப்படி' போஸ்டரைக் காட்டினாள். "இது அந்த போஸ்டர்ல இருக்கு. மூணாவது வரி வரைக்கும் ஒப்பிச்சுட்டா."

"விடும்மா, அவதான் கேட்டுட்டாளே" என்றார் அம்மா. "சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போலாம்."

"உனக்குத் தூக்கம் வருதுன்னு நான் மன்னிக்க முடியாதும்மா."

அம்மா நிமிர்ந்தார். "அப்படி என்னதான்டி எழுதின?"

மனசு மிஸ் வாயெடுத்தார். அதற்குள் பென்சிலே சொன்னாள், எழுதியதை எழுதியபடி, குரல் ஏறாமல் இறங்காமல்.

"தினமுமா?"

"தினமும்."

அம்மா சோப்பில் ஊறி வெளுத்த விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார். "மூக்குல ஏதோ படுதேன்னு தட்டிவிட்டிருக்கேன். கொசுன்னு நெனச்சேன்." பிறகு நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மிஸ், இவ இப்ப மன்னிக்க வேண்டாம். எப்ப தோணுதோ அப்ப பாத்துக்கலாம்."

ரேடியோவின் கட்டிய கை அவிழ்ந்திருந்தது.

பென்சில் இன்னும் முடிக்கவில்லை. "நீங்களும்தான் மிஸ். யாரும் படிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஒரு பூட்டு போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்னோடது."

"சரி மிஸ்."

அந்த 'சரி'க்குள் மன்னிப்பு இருந்ததா என்று மனசு மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சந்திப்பு முடிந்ததும் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'பிரச்சினை தீர்ந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துக் கொடுத்தார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மேலிடத்துக்குப் போற பேப்பர் இது. இதுவரைக்கும் ஒரு 'இல்லை' கூட அனுப்பினதில்ல."

"அதைப் பாத்தாத்தான் மேடம் எனக்குச் சந்தேகமா இருக்கு."

தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார், சிரிக்காமல்.

அடுத்த வகுப்பில் மனசு மிஸ் தன் தவறை எல்லார் முன்னாலும் சொல்லி, நோட்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஒருவன் அன்றே அதில் கணக்குப் போட ஆரம்பித்தான். ரேடியோ மட்டும் மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

"எல்லாரும் சிரிக்கும்போது நல்லா இருந்துச்சு மிஸ். அவங்கம்மா கொசுன்னு சொன்னாங்கல்ல..." மனசு மிஸ் புத்தி சொல்லவில்லை. பேச்சு தொடருமா என்று காத்திருந்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டார்.

பத்து நாள் போயிருக்கும். விளையாட்டு ஆறாம் வகுப்புவரை பரவியிருந்தது. உணவுக்கூடத்தில் ஒரு பொடியன் இன்னொருவன் மூக்கடியில் விரலை நீட்டியதைப் பார்த்து ரேடியோ எழுந்தாள். பெஞ்சில் ஏறவில்லை, நின்ற இடத்திலிருந்தே பேசினாள், தன் சொந்தக் குரலில்.

"இது நான் ஆரம்பிச்சது. ஒரு பொண்ணு பயந்து எழுதினதைத் திருடிட்டு வந்து வேடிக்கை காட்டினேன். கேவலமான வேலை. நிறுத்துங்க, போதும்."

"மனசு மிஸ் மந்திரிச்சு விட்டுட்டாங்கடா!" என்று ஒரு மூலையிலிருந்து சத்தம் வந்தது. கூடம் கொல்லென்று சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவள் மேல் விழுந்தது. காது சிவக்க, அது அடங்கும்வரை நின்றாள். நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பென்சில் ஒருமுறை கையை நிறுத்தினாள். பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.

அன்றே எல்லாம் நின்றுவிடவில்லை. விளையாட்டு ஓய இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. ரேடியோவைச் சுற்றியிருந்த கூட்டமும் பாதியாகக் குறைந்தது.

பருவத் தேர்வுக்கு முன்பு பென்சில் மனசு மிஸ்ஸின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அவளை இன்னும் மன்னிக்கல மிஸ்."

"சரிம்மா."

"அறிவியல் லேப்ல ஜோடி மாத்தப் போறாங்களாம். அவகூட என்னைப் போட்டா, மாத்திக் கேட்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உட்காரேன்."

"வேண்டாம் மிஸ். இன்னிக்கு அம்மாவுக்கு லீவு."

அடுத்த வாரம் லேபில் இருவரையும் ஒரே மேசையில் போட்டார்கள். ரேடியோ தண்ணீர் ஊற்றினாள், பென்சில் அடுப்பைப் பற்றவைத்தாள். பாடம் முடியும்வரை இருவரும் பேசியது நாலே வார்த்தை. நாலும் வெப்பமானியைப் பற்றியவை.