வெயில் இறங்கும் வரை

கரண்டை நிறுத்தும் பிரேக்கர் பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிகளின் முகத்தில் பிளஸ், மைனஸ் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கோட்டை விட்டாள். அதுவும் ஒன்றா இரண்டா, அறுநூறு பெட்டி.

புகாரோடு வந்த தாளில் எந்த நாள் என்று பார்த்ததுமே அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. போனில் புருஷனோடு சண்டை போட்டதற்கு மறுநாள். தொலைதூரத்தில் ஒரு சோலார் பண்ணையில் வயரிங் போர்மேன் அவன். "அடுத்த மாசம் வர்றேன்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னான். "வரவும் வேணாம், கூப்பிடவும் வேணாம்" என்று வைத்துவிட்டாள். கோபத்தில் ஆயிரம் சொல்வோம், அதையெல்லாமா ஒருத்தன் அப்படியே கேட்பான்? கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் கேட்காதவன், இதை மட்டும் கேட்டான் பாவி. நாலு மாதமாகப் போன் இல்லை. இவளாவது கூப்பிட்டிருக்கலாம், ரோஷம் விடவில்லை. அவன் தலையணையைத் தினமும் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மேலாளர் பட்டியலோடு வந்தார். பெட்டிகள் எட்டு இடங்களுக்குப் போயிருந்தன. போன் செய்து எச்சரிக்க வேண்டும். ஐந்தாவது வரியில் அவன் பண்ணை இருந்தது.

"அங்க நான் பேசறேன் சார்" என்றாள்.

வீட்டுக்கு வரும் கரண்ட் நொடிக்கு நூறு தடவை ஓய்ந்து ஓய்ந்து வரும், பொறி எழுந்தாலும் அணைந்துவிடும். சோலார் கரண்டுக்கு ஓய்வே கிடையாது. பிரேக்கரை அணைக்கும்போது எழும் பொறியை, உள்ளே இருக்கும் காந்தம்தான் ஒரு பக்கமாகத் தள்ளி அணைக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் காந்தம் எதிர்ப்பக்கம் தள்ளும், பெட்டி கையிலேயே எரியும். அப்படி எரிந்து திரும்பி வந்த ஒன்று கரிக்கட்டையாக மேசைமேல் கிடந்தது. அதைப் பிடித்தவன் கை என்னவாயிற்று என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பண்ணையில் எடுத்தவர், போர்மேனிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"சொல்லுங்க."

அவன் குரல்தான். தாளைப் பார்த்துப் படித்தாள். "நாங்க அனுப்பின பிரேக்கர்ல பிளஸ் மைனஸ் மாத்தி அச்சாயிருக்கு. மாட்டிட்டீங்களா?"

அவனுக்குக் குரல் தெரியாதா என்ன.

"மாட்டியாச்சு. நாப்பது. இப்பவே போய் ஆஃப் பண்ணிடறேன்."

"தொடாதீங்க." தாள் கைநழுவி விழுந்தது. "கரண்ட இழுக்கற இன்வெர்ட்டர மட்டும் நிறுத்துங்க. பிரேக்கர் பக்கம் யாரும் போகக் கூடாது. அப்பவும் பேனல்ல வெயில் இருக்கற வரைக்கும் வயர்ல கரண்ட் இருக்கும். இருட்டினப்புறம்தான் கழட்டணும்."

அவன் யாரையோ கூப்பிட்டு இன்வெர்ட்டரை நிறுத்தச் சொல்வது கேட்டது. நிறுத்தியாயிற்று என்று அவன் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"பாத்து அனுப்பினது நான்தான்" என்றாள். "அன்னிக்குக் கண்ணு மட்டும்தான் பெட்டியில இருந்துச்சு."

"என்னிக்கு?"

"உங்கள வர வேணாம்னு சொன்னேன்ல, அதுக்கு மறுநாள்."

அவன் மெதுவாக, "எனக்கும் அன்னிலேர்ந்து வேலையே ஓடல" என்றான்.

அவளுக்கு அவன் வேண்டும். இந்தக் குரல் மட்டும் போதாது, அந்தக் கையும் காலும் முழு ஆளாக வீட்டுக்குள் வர வேண்டும். நாலு மாதமாகச் சொல்லாததை இப்போது ஆபீஸ் போனில் எப்படிச் சொல்வது?

"மணி ரெண்டுதான் ஆகுது" என்றான் அவன். "இருட்ற வரைக்கும் யாரும் தொடாம நான் இங்கயே காவல் உக்காரணும்."

"உக்காருங்க."

"தனியாவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. காலாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, விஷயத்தச் சொல்லியாச்சா?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இல்ல சார். இன்னும் சொல்லி முடிக்கல."