மாப்பிள்ளையின் ஆறு வரி

கண் மருத்துவமனையின் இணையதளத்தை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சீனியர் என்றுதான் கூப்பிடுவார்கள். தளத்தில் ஒரே ஒரு தலைவலி. டாக்டரைப் பார்க்க நேரம் பதிவுசெய்யும் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் போதும், மொத்தப் படிவமும் காலியாகிவிடும். பார்வை மங்கியவர்கள் பாடுபட்டு அடித்ததெல்லாம் போச்சு. அந்தப் பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் வெளிக் கம்பெனியுடையது, ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. சீனியரும் கேட்டவர்களிடமெல்லாம் கையை விரித்தே காலம் தள்ளிவிட்டார்.

அப்புறம் தங்கை வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வேலை வாங்கிக் கொடுத்ததே சீனியர்தான், அதுதான் கொடுமை. இரண்டாவது வாரமே மாப்பிள்ளை, நம் சொந்த வரிகளைச் சேர்ப்பதற்கென்று தளத்தில் இருக்கும் பெட்டியில், படிவத்தைத் துடைக்கும் ஃபங்ஷன் என்கிற கட்டளைத் தொகுப்பின் பெயரிலேயே இன்னொன்று எழுதிவிட்டார். ஆறே வரி. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பிரவுசர் கடைசியாக வந்ததைத்தான் மதிக்கும். கம்பெனிக்காரன் எழுதியது மூலையில் போய் உட்கார்ந்தது, படிவம் அழிவது நின்றது.

"இத்தன வருஷமா இது யாருக்கும் தோணலையே," என்றார் தலைமை நர்ஸ், சீனியர் பக்கத்தில் நிற்கும்போதே. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு.

"உங்க தங்கச்சி போன்ல ஒரே பெருமை. அவர் மூளையே மூளையாம்," என்றாள் மனைவி.

சீனியருக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த வித்தை அவருக்குத் தெரியாததா என்ன? தெரியும். செய்து பார்க்கவில்லை. அந்தக் கோபத்தையும் மாப்பிள்ளை தலையிலேயே கட்டினார்.

வியாழக்கிழமை காலை, வந்ததும் வராததுமாக அந்த ஆறு வரியைக் குற்றம் பார்க்கவே படித்தார். சிக்கியது. பழைய ஃபங்ஷன் படிவத்தைத் துடைப்பதோடு நிற்பதில்லை, அந்த நோயாளிக்குப் பிடித்துவைத்திருந்த நேரத்தையும் விடுவிக்கும். மாப்பிள்ளை அதை மறந்துவிட்டார். இனி தப்பாக நிரப்பிவிட்டுப் பாதியில் போகிற ஒவ்வொருவரும் ஒரு நேரத்தைப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள்.

சொல்லியிருக்கலாம். சீனியர் சொல்லவில்லை. பழையதை வேறு பெயரில் பத்திரப்படுத்தி, நோயாளி அடித்ததை எடுத்துவைத்துக்கொண்டு, பழையதை ஓடவிட்டு, எடுத்ததைத் திரும்ப நிரப்பும்படி அழகாக எழுதி, வெளியிடாமல் வரைவாகச் சேமித்தார். மூக்குடைபட்டு நிற்கட்டும், அப்புறம் நாம் போய்க் காப்பாற்றுவோம் என்று கணக்கு. நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை தலைமை நர்ஸ் வேகமாக வந்தார். "எல்லா நேரமும் நெறஞ்சிருக்குன்னு காட்டுது, உள்ள டாக்டருங்க சும்மா உக்காந்திருக்காங்க. என்ன ஆச்சு?"

மாப்பிள்ளை பதிவுப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தார். சீனியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தள்ளுங்க மாப்ள, நான் பாக்குறேன்." சொல்லும்போதே தேன் குடித்தது போலிருந்தது. பெட்டியைத் திறந்தார். வரைவுக்கு மேலே, அதை யார் எப்போது சேமித்தார் என்று தளம் தானாகவே எழுதி வைத்திருந்தது: அவர் பெயர், வியாழன், காலை 10.40.

நர்ஸ் திரையை நோக்கிக் குனிந்தார். அதற்குள், அதைப் படித்துவிட்ட மாப்பிள்ளை எட்டி மவுஸைப் பிடித்து வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டார். வரைவு வெளியானதும் மேலே இருந்த பெயரும் நேரமும் மறைந்தன.

"தப்பு என்னுதுதான் சிஸ்டர். பழசு என்னெல்லாம் செய்யுதுன்னு பாக்காம விட்டுட்டேன். பூட்டுன நேரத்தையெல்லாம் இப்பவே தெறந்துடுறேன், இனி பூட்டாதபடி மச்சான் சரி பண்ணிட்டார்."

"அதான் அனுபவம்ங்கிறது," என்று சீனியரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நர்ஸ் போனார்.

மாப்பிள்ளை மவுஸை விட்டுவிட்டுச் சீனியர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மச்சான். எத்தன பேரு நேரம் கெடைக்காம அலைஞ்சாங்களோ."

சீனியருக்கு வெட்கம் வரத்தான் வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. காட்டிக்கொடுக்காமல் விட்டானே, அந்த மனசும் இவனுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.